முத்தரும்பியார் மாளிகையை ஒழித்துக் கொடுத்த செய்தி

மங்கலம் நிலைபெறுக. அலைகடலை வேலியாகக் கொண்ட வெண்கானல் நாட்டை அறத்தினால் புரக்கும் கோமகன், கொற்றவை அருள்பெற்ற கடுமானரையர், வடவெல்லைப் பாசறையில் நோயின்றி வீற்றிருக்க. அவர்தம் தமக்கையும், அவர் மீளுமளவும் தலைநகர் காக்கும் பொறுப்புடையவளுமாகிய நங்கை பூதலச்செல்வி விடுக்கும் ஓலை. உடனிருக்கும் படைத்தலைவரையும் நலம் வினவினோம்.

கருமணலாறு கரையுடைந்து ஒன்பது ஊர்கள் நீரில் மூழ்கின. பிழைத்து வந்தோர்க்குக் கோயில் மண்டபமும் சத்திரமும் போதாமையால், உம் தேவியார் முத்தரும்பியார் பிள்ளைப்பேற்றில் மறைந்த நாள்முதல் மூன்று ஆண்டுகளாக எவரும் குடிபுகாத மாளிகையை யாமே திறப்பித்தோம். அங்குள்ள துரும்பையும் அசைக்கலாகாது என்ற உமது ஆணையை அறிந்தே மீறினோம். பணியாளர் எவரையும் ஒறுத்தல் வேண்டா, பிழை எம்முடையது.

உள்ளே கால் வைக்க இடமில்லை. நீர் வென்ற ஊர்தோறும் தேவியார்க்கென அனுப்பிய பட்டும் பவழமும் தந்தப் பேழைகளும் கட்டு அவிழ்க்கப்படாமலே உத்தரம் வரை அடுக்கப்பட்டிருந்தன. மறைந்தவர் பெயருக்கு இத்தனை வந்துகொண்டிருந்ததை யாம் அறியோம். மாளிகை காக்கும் சேந்தி நாள்தோறும் மஞ்சள் அரைத்து, கண்ணாடி துடைத்து, நீராட வெந்நீர் வைத்துக் காத்திருந்தாள். அரசியார் இன்னும் உடுத்தாத பட்டைப் பிறர்க்கு எவ்வாறு ஈவது என்று அவள் வினவினாள்.

ஏழு நாள் ஒழித்தோம். பட்டு, மாற்றுடையின்றி வந்த பெண்டிர்க்குச் சென்றது. பேழைகளில் நெல் நிரப்பினோம். கட்டிலில் நிறைசூலி ஒருத்தி துயில்கிறாள். தேவியாரின் முடியிழை சிக்கியிருந்த சீப்பை எவர்க்கும் ஈயலாகாமையின் தீயிலிட்டோம். அந்த மணம் அறையை விட்டு இன்னும் அகலவில்லை.

இறுதியாகத் தொட்டில் அறையைத் திறந்தோம். மூச்சின்றிப் பிறந்த உம் மகளுக்கென்று அங்கே ஆடைகள் இருந்தன. ஓராண்டுப் பிள்ளைக்கு ஒன்று, ஈராண்டுக்கு ஒன்று, மூவாண்டுக்கு ஒன்று. தையற்காரரை அழைத்து வினவினோம். ஆண்டுதோறும் பாசறையிலிருந்து அளவுநூல் வருமென்றும், எந்தப் பிள்ளையை அளந்த நூலென்று தாம் கேட்கத் துணிந்ததில்லையென்றும் அவர் தலைகுனிந்து கூறினார்.

தாயோடு வந்த மருதி என்னும் மூன்று வயதுச் சிறுமிக்கு மூன்றாம் ஆடையை உடுத்தினோம். ஒரு விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை. அவள் கூடத்தில் ஓடுகையில் சேந்தி தன்னை மறந்து, உம் மகளுக்கென நீர் தேர்ந்துவைத்திருந்த வானவல்லி என்னும் பெயரால் கூவினாள். சிறுமி நின்றாள். திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்டாள். சுற்றியிருந்தோர் ஒன்றுமறியாது உண்டுகொண்டிருந்தனர்.

தம்பி, நீ வந்தாலும் அப்பெயரே உன் வாயில் வரும். அதற்கு அஞ்சியே எழுதுகிறேன். பிள்ளைகள் யார் அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள். அதை வேறொன்றாக எண்ணிவிடாதே.

இனி அளவுநூல் அனுப்பற்க. அறுவடைக்கு முன் முரசும் கொடியும் இன்றி வருக. வந்து அவளை மருதி என்றே அழைக்க. அப்பெயரிட்ட தாய் அருகில் நிற்பாள்.

சங்குப்பொறி ஒற்றி, எம் கையால் எழுதியது. அரசர்க்கு இது வேண்டுகோள், தம்பிக்கு ஆணை.