எப்போதும் யானையைத் தெரிவுசெய்தவருக்கு

நேற்று குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஒரு சின்னப் பெண் தாயின் போனில் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். வளைவில் சக்கரம் கிரீச்சிட்டது. மோதியதும் ஏதோ ஒரு மிருகம் மூக்கால் அழுதது. படம் புதிது. அழுகை மட்டும் அதேதான். பஸ் மகாவலிப் பாலத்தைத் தாண்டும்வரை நான் உங்களோடுதான் இருந்தேன்.

வாவிக்கு மேலே, சரிவில் இருந்த வீட்டுக்காரச் சிங்கள நோனாவின் போடிங்கில் நமக்கு ஒரே வாடகை அறை. ஒரே அலுவலகத்தில் லிகிதர் வேலை. நான் தேயிலைத் தோட்டத்துப் பெண். நீங்கள் யாழ்ப்பாணம், யுத்தத்தில் பாதை மூடிக் கிடந்ததால் ஊருக்குப் போக வழியில்லாமல் இருந்தீர்கள். முதல் நாள் நீங்கள் என்னை 'நீர்' என்றதும் ஏதோ கோபம் என்று ஒதுங்கிப் போனேன். அது உங்கள் ஊரில் அன்பு என்று விளங்க ஒரு வாரமானது.

நோனாவின் மகன் வெளிநாடு போகும்போது விட்டுச் சென்ற டிவி கேம் அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடந்தது. நீங்கள்தான் கேட்டு வாங்கி வந்தீர்கள். தொப்பி போட்ட கரடி, கண்ணாடி போட்ட தவளை, முயல், யானை, எல்லாம் குட்டிக் கார்களில். நான் முயலை எடுப்பேன். பறக்கும், ஆனால் லேசாக இடித்தாலே குட்டிக்கரணம் அடித்துக் குளத்தில் விழும். உங்கள் யானை காருக்குள் அடங்காமல் பிதுங்கிக்கொண்டு கடைசியாகத்தான் கிளம்பும். ஏன் அதையே எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பாவம், அதை ஒருத்தரும் எடுக்கினமில்லை" என்றீர்கள். தோற்றுவிட்டு நீங்கள் சிரிக்கும் சிரிப்புக்கு, நோனா கீழேயிருந்து வீடு கூட்டும் தும்புத்தடியால் எங்கள் தரைப்பலகையைத் தட்டுவார்.

கொழும்பில் குண்டு வெடித்த மறுவாரம், ஒரு பின்னேரம், பொலிஸ் வந்தது. கறுப்புப் பெட்டியும் வயர்களும் கண்ணில் பட்டதும் யாரும் கிட்டப் போகவில்லை. நீங்கள் போய் சுவிட்சைப் போட்டீர்கள். கரடியும் தவளையும் ஆடின. இளம் கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் சார்ஜன்ட் உங்கள் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த ஊரை வாசித்தார். சிங்களம் தெரிந்த என் பக்கம் திரும்பி, இவளை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டார்.

"ரூம் மட்டும்தான் ஒண்ணு. ஆளைப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்றேன் சிங்களத்தில்.

அவ்வளவு சிங்களம் உங்களுக்கும் விளங்கும். என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர்களோடு இறங்கிப் போனீர்கள்.

இரண்டு நாள் காலையும் மாலையும் சோற்றுப் பார்சலைப் பொலிஸ் நிலைய வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் வந்தபோது கதவடியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். "முதல்ல ஒரு ஓட்டம் ஓடுவம், வாரும்."

அன்றைக்கு நான்தான் தோற்றேன். அந்தப் பின்னேரத்தைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பாதை திறந்ததும் ஊருக்குப் போய்விட்டீர்கள்.

போன வருடம், நோய் முற்றி உங்கள் குரல் போனில் இளைத்திருந்தபோதுதான் மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும் எண்டிருந்தால் உம்மையும் ஜீப்பில ஏத்தியிருப்பாங்கள். பிறகு ஆர் எனக்குச் சோறு கொண்டு வாறது?"

நீங்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்றைக்கு நான் அப்படி யோசித்துச் சொல்லவில்லை. பயந்து சொன்னேன். அதுவும் உங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கும்.

உங்கள் செத்தவீட்டுக்கு யாழ்ப்பாணம் வந்தேன். முற்றத்தில் வயதான ஒருவர் என்னைப் பார்த்து, பிள்ளைக்கு அவவை எப்பிடித் தெரியும் என்று கேட்டார். ஒரே அறையில் இருந்தோம், என் கூட்டாளி என்றேன். அவர் தலையசைத்து, நகர்ந்து, எனக்கு உட்காரக் கதிரை விட்டார். அதைச் சொல்வது அவ்வளவு லேசாக இருந்தது. அந்த லேசுதான் இன்னும் கனக்கிறது.