கடைசி பெஞ்சின் விளக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் கடையும் ஓடிக்கொண்டிருக்கிறோம், முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது நான் ஒருத்தன் இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். உன் அம்மா போய் ஐந்து மாதம் ஆகிறது. போன திங்கட்கிழமை காலை அவள் பெயரில், அவள் எழுதுகிற மாதிரியே எழுதி, நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் பணம் கேட்டேன். கொடுத்துவிட்டார்கள். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ அப்பா என்று ஒரு தரம் கூப்பிட்டால் நான் பேச்சை மாற்றிச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன், அதனால்தான் காகிதம்.

அம்மா எந்நேரமும் தட்டிக்கொண்டிருப்பாளே, இன்டர்நெட்டில் ஒரு கூடம், அது உனக்கு நினைவிருக்கும். காலையில் மறைநூலிலிருந்து ஒரு வரி போடுவார்கள், அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மறுநாள் காலை வரை ஆளாளுக்குப் பிய்த்து மேய்வார்கள். பன்னிரண்டு வருடமாக இதே வேலை. அதை நடத்துகிறவர் வேறெங்கோ மருந்துக்கடை வைத்திருப்பவர், உன் தையல்காரச் சித்தியும் அதில் உறுப்பினர், மற்றவர்களை அம்மா நேரில் பார்த்ததே கிடையாது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை, அம்மா தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கடைசி பெஞ்சு. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, புருஷன் ஊரிலுள்ள அலுவலகத்துக்கெல்லாம் பழைய நாற்காலி விற்கிறான், நீ போய் பெஞ்சில் உட்கார்ந்தாயா என்று கேட்டேன். "உங்க நாற்காலி எல்லாத்துலயும் விலைச்சீட்டு தொங்குது, உக்கார மனசு வரல" என்று சொல்லிவிட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது நீ அறிந்ததுதான். அவள் இருந்த வரைக்கும் அந்தக் கூடத்தை நான் எட்டிப் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்து நீ விமானம் ஏறிப் போனபின் கடையைத் திறந்து, பில் போடும் மேஜையில் கம்ப்யூட்டரைப் போட்டேன், அந்தக் கூடம் தானாகவே வந்து நின்றது. மேலே கடைசி பெஞ்சு என்று அவள் பெயர், பக்கத்தில் பச்சையாக ஒரு சின்னப் புள்ளி. ஆள் உள்ளே இருக்கிறார் என்று அதற்கு அர்த்தமாம், கூடத்தில் அதை விளக்கு என்கிறார்கள். அவள் வெளியேறாமலே போயிருக்கிறாள். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியாது, எதையாவது அழுத்தி அணைந்துவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது என்று மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். மறுநாள் துணிந்து படிக்க ஆரம்பித்தேன். மூடுகிற அலுவலகத்தில் சரக்கு எடுக்கும்போது அடுக்கின் அடியிலிருந்து பார்ப்பதுதான் என் பழக்கம், மேலே நாலைந்தைப் பளபளவென்று வைத்து ஏமாற்றுவார்கள். இதையும் அப்படியே அடியிலிருந்து, பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய முதல் நாளிலிருந்து தொடங்கினேன். ஒன்பது பத்துக்கு ஷட்டரைத் தூக்கி உட்கார்ந்தால் பத்தரைக்கு லாரி வரும் வரைக்கும் படிப்பு, பிறகு கம்ப்யூட்டரை மூடிவிடுவேன். பக்கத்தில் இன்னொரு நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொள்வேன், அது ஏன் என்று கேட்காதே.

நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவளை நான் ஐந்து மாதமாகத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் அம்மாடி. நீ வெளிநாடு கிளம்பிய நாளில் எல்லோரும் அன்றைய வரியைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், இவள் மட்டும் "இன்னைக்கு எனக்கு எந்த வரியும் பிடிக்கல, நாளைக்கு வர்றேன்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். இன்னொரு நாள், "என் வீட்டுக்காரர் சாமி கும்பிட மாட்டார், ஆனா கால் ஒடிஞ்ச நாற்காலிய ஒடிஞ்சதுன்னு சொல்லித்தான் விப்பார், இவர எந்தப் பக்கம் நிறுத்துறது?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பதினெட்டுப் பேர் மூன்று நாள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்காக ஒரு ஆள் வாதாடியிருக்கிறான், பஸ் டிரைவர், யாரென்றே தெரியாது. படிக்கும்போது சில நேரம் மாடி குடோனில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கும். சக்கரம் வைத்த நாற்காலி, தளம் சரிவு, நகரத்தான் செய்யும். ஆனாலும் நான் தலையைத் தூக்குவேன்.

இப்படி இருக்கும்போதுதான் மருந்துக்கடைக்காரரிடமிருந்து எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரு கடிதம் வந்தது. கூடம் இருக்கும் சர்வருக்கு வருட வாடகை நாற்பதாயிரமாக ஏறிவிட்டது, இத்தனை வருடம் நானே கட்டினேன், இனி என்னால் ஆகாது, உறுப்பினர்கள் கைகொடுத்தால் தொடரலாம், இல்லையென்றால் மாதக் கடைசியில் மூடுகிறேன், எழுதியதெல்லாம் அழிந்துவிடும், மன்னிக்கவும். பத்து நாள் போனது, சேர்ந்தது ஆறாயிரம். நான் அப்போதுதான் எட்டாவது வருடத்தில் இருந்தேன். மூடுகிற இடத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். முப்பது வருடமாக மூடுகிற அலுவலகங்களுக்குத்தான் லாரி அனுப்புகிறேன். மேஜை இழுப்பறைகளில் குழந்தை போட்டோ, மூக்குக்கண்ணாடி, பாதி எழுதிய ராஜினாமா எல்லாம் இருக்கும், கூடையில் கொட்டச் சொல்லிவிட்டு இழுப்பறையை மட்டும் எடுத்துக்கொண்டு வருவேன். ஒரு தரம்கூடக் குனிந்து பொறுக்கியதில்லை. இப்போது அவள் இழுப்பறையைக் கொட்டப் போகிறார்கள்.

கொஞ்சம் தந்திரமாக யோசித்தேன், மறைக்கவில்லை. மருந்துக்கடைக்காரருக்குக் கேட்கத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விலை சொன்னால் எவன் கொடுப்பான். கடைசி பெஞ்சின் பேச்சுக்கு அங்கே மரியாதை இருந்தது, படித்தவரைக்கும் எனக்கு அது தெரிந்திருந்தது. உன் சித்தி அங்கே இருப்பது அப்போது நினைவுக்கே வரவில்லை, அவள் இறந்தது அங்கே யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன், ஏனென்றால் நான் படித்த பக்கங்களில் அவள் உயிரோடுதானே இருக்கிறாள். இன்னொன்றையும் கவனித்திருந்தேன், காலையில் நான் திறந்த ஐந்து நிமிடத்துக்குள் நாற்பது ஐம்பது விளக்கு வரிசையாக எரியும். நல்ல கூட்டம், வியாபாரம் சூடாகத்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். அதனால் மருந்துக்கடைக்காரரின் கடிதத்துக்குக் கீழேயே எழுதினேன்: "தினமும் ஒன்பது மணிக்கு இத்தனை பேர் வந்து உக்கார்றீங்க, உக்கார்ற இடத்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடக் கூடாதா? நான் இன்னும் பேசி முடிக்கல." அவள் நடை எனக்கு வந்துவிட்டது, அதுதான் பயம்.

முக்கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஐம்பது விளக்கு எரிகிறது, ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் முதல் ஆளாக அந்த பஸ் டிரைவர், "அக்கா, என்னால ஆனத அனுப்பிட்டேன். என் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டுப் போங்க" என்று எழுதினான். உன் சித்தி, "அக்கா, எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லு" என்று எழுதினாள். அவள் அக்கா செத்ததற்கு என் பக்கத்தில் நின்று அழுதவள் அல்லவா உன் சித்தி. மதியத்துக்குள் நாற்பத்தாறாயிரம் சேர்ந்துவிட்டது, கடை ஃபோன் அடித்தது. மருந்துக்கடைக்காரர். யார் பேசுவது என்று கேட்டார், அவளுடைய வீட்டுக்காரன் என்றேன். "அப்ப அஞ்சு மாசமா காலைல விளக்கு ஏத்தினது நீங்களா?" என்றார். "கடைசிப் பக்கத்தப் படிச்சீங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். "படிச்சிட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்.

நாலு வருடத்தைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பஸ் டிரைவர் கேட்டிருக்கிறான், அண்ணனோடு ஒன்பது வருடம் பேச்சில்லை, இப்போது அண்ணன் இல்லை, இனிமேல் மன்னிப்பை யாரிடம் கேட்பது, கேட்டால் செல்லுமா என்று. அம்மா, "இதுக்கு என்கிட்ட பதில் இருக்கு தம்பி, நாளைக்கு எழுதுறேன்" என்று எழுதியிருக்கிறாள். மறுநாள்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதற்கு நாலு நாள் கழித்து உன் சித்தி செய்தியைப் போட்டிருக்கிறாள். அழுகை, பிரார்த்தனை, எல்லாம் இரண்டு பக்கம். அதன் பிறகு ஒரு காலை உன் சித்தி ஒரே வரி எழுதியிருக்கிறாள்: "ஒன்பது பத்துக்கு அக்கா விளக்கு எரிஞ்சுது, யாராவது பாத்தீங்களா?" யாரோ கம்ப்யூட்டரை அணைக்க மறந்திருப்பார்கள் என்று ஒருவர் சொல்ல, அணைக்க மறந்தால் நாளெல்லாம் எரியணுமே, ஒன்பது பத்துக்கு வந்து பத்தரைக்குப் போகிறதே என்று இன்னொருவர். கடைசியில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது, அந்த நேரத்துக்கு வந்து சும்மா உட்கார்ந்திருப்போம் என்று பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வியாபாரக் கூட்டம் என்று எண்ணினேன் பார், அது எனக்காக வந்த கூட்டம். நான் அவளைப் படித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவள் என்று நினைத்து.

மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன். "பணம் வந்துடுச்சு, கூடம் பிழைச்சுது. சொல்லாமலே விட்டுடலாமா சார்? அவங்களுக்கு அது ஒரு ஆறுதல்" என்றார். எனக்கும் விட்டுவிட ஆசைதான், விட்டால் நாளைக்கும் ஒன்பது பத்துக்கு அவளாக உட்காரலாம். ஆனால் ஒடிந்ததை ஒடிந்தது என்று சொல்லி விற்பவன் என்று அவள் பதினெட்டுப் பேருக்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாளே. செவ்வாய்க்கிழமை காலை, வெளியேறு என்ற பொத்தானை நானே அழுத்தினேன். பச்சை போய்ச் சாம்பல் நிறமானது. பாஸ்வேர்ட் கேட்டது. அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், லாரிக்காரன் ஹாரன் அடித்தது காதில் விழவில்லை. பிறகு நாற்காலிக்காரன் என்று புதிதாகச் சேர்ந்து, உள்ளதை எழுதினேன். கேட்டது அவள் இல்லை, நான். ஐந்து மாதமாக எரிந்த விளக்கும் நான். பணத்தைத் திரும்ப வேண்டும் என்பவர்கள் வெட்கப்படாமல் கேளுங்கள்.

பதினோரு பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், பதினேழாயிரம். தப்பில்லை. அதில் முதல் ஆள் உன் சித்தி. ஃபோனில், "அக்காவ ரெண்டாவது தடவையும் அனுப்பிட்டீங்களே அத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளுக்கு நீ ஒரு வார்த்தை பேசு, என் சார்பாக வேண்டாம், சும்மா பேசு. பஸ் டிரைவர் பணத்தைக் கேட்கவில்லை, "அப்ப நீங்களே பதில் சொல்லுங்க சார்" என்றான். எனக்கு வரி தெரியாது, நடந்ததைத்தான் சொன்னேன். எனக்கு முதன்முதலில் பன்னிரண்டு நாற்காலியை நம்பிக் கொடுத்த மனுஷன், நான் காசு கொடுப்பதற்குள் போய்விட்டார். அவர் மகளுக்கு அப்படி ஒரு கடன் இருப்பதே தெரியாது. தேடிப்போய்க் கொடுத்தேன். அந்தப் பெண் பணத்தை எண்ணவில்லை, அப்பா கடைசியாக உங்களிடம் என்ன பேசினார் என்றுதான் கேட்டது. அண்ணன் பிள்ளைகள் இருந்தால் அங்கே போய் உட்காருப்பா என்று எழுதினேன். "தினம் அந்தத் தெரு முனையிலதான் பஸ்ஸ நிறுத்துறேன் சார், இறங்கினதில்ல" என்று பதில் போட்டான். அம்மா இதைத்தான் எழுதியிருப்பாளா என்று தெரியவில்லை. அது இனித் தெரியப் போவதும் இல்லை, எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

இனிமேல்தான் உன்னிடம் கேட்க வேண்டியது. வியாழக்கிழமை காலை என் பெயரில் உள்ளே போய் உட்கார்ந்தேன், ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள். ஒன்பது பத்துக்கு கடைசி பெஞ்சு விளக்கு எரிந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். நாலு நிமிடம் எரிந்துவிட்டுப் போனது. இந்தக் கம்ப்யூட்டர் இல்லை, என் கையால் மூடியதாயிற்றே. அவள் ஃபோனை நீதான் எடுத்துக்கொண்டு போனாய், அதிலும் அந்தக் கூடம் திறந்தபடியே இருந்திருக்கலாம். அங்கே அப்போது என்ன நேரம் என்று எண்ணிப் பார்த்தேன், நீ வேலையில் இருக்கும் நேரம். எங்கிருந்து ஏற்றினார்கள் என்று பார்க்க மருந்துக்கடைக்காரருக்கு வழி இருக்கிறதாம், பாக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நீயாக இருந்தால் எனக்கு எழுது, திட்ட மாட்டேன், ஃபோனைச் சார்ஜில் வைத்துக்கொள் என்றுதான் சொல்வேன். நீ இல்லையென்றால் அதைப் பற்றி ஒன்றும் எழுதாதே, சின்னவளின் பள்ளிக்கூடச் சேதி மட்டும் எழுது, நான் புரிந்துகொள்வேன்.

உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் நாற்காலியில் சிக்கனம் பார்க்காதே, முதுகுக்குத் தாங்கல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், சின்னவளுக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் குறையில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமலே கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா

பி.கு. மருந்துக்கடைக்காரரோடு பேசி முடித்தது இது. கையில் நின்றது இருபத்தொன்பதாயிரம், குறைகிற பதினோராயிரம் என்னுடையது, பழைய நாற்காலி பதினொன்று விற்றால் சரியாகிவிடும். இந்த வருடம் மட்டும் இல்லை, வருடா வருடம் எவ்வளவு குறைந்தாலும் நான் உள்ளவரை நான், எனக்குப் பிறகு கடை. அதற்கு என் பக்க நிபந்தனை மூன்று: கடைசி பெஞ்சு என்ற பெயரை எடுக்கக் கூடாது, நாளைக்கு எழுதுறேன் என்ற வரியை அழிக்கக் கூடாது, விளக்கு எரிந்தால் யார் என்று யாரும் பார்க்கக் கூடாது. ஒப்புக்கொண்டார்.