இடைவேளையில் முனை மாறியவர்கள்

அன்புள்ள கில்லியனுக்கு, தோர்ன்பெக்கிலிருந்து அப்பா எழுதுவது.

நீயும் கிரேகும் குழந்தை ஹோலியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்தேன். என் உடம்புக்கு ஒரு குறைவும் இல்லை, ஈரக்காற்று அடித்தால் இடது முட்டி மட்டும் முணுமுணுக்கிறது, மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறேன், ஆனால் ஒழுங்காகத் தூங்கிப் பல வாரம் ஆயிற்று. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் என்ன என்பாய். உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றியும் பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றியும் பேசி வைத்துவிடுகிறேன், அது உனக்கே தெரியும். ஹோலியின் இருமலுக்குத் தேன் கொடு, ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்க வைக்காதே. இன்னொன்று. அம்மாவின் சாம்பலை மில் லேன் மைதானத்தில் கோலுக்குப் பின்னால் புதைத்தபோது, அதில் ஒரு பிடியைக் கஸ்டர்ட் பவுடர் டப்பாவில் போட்டு நியூசிலாந்துக்கு எடுத்துப் போனாயே, அதை ஈஸ்டர் விடுமுறையில் கடற்கரையில் தூவப் போவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. இதைக் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

நம் ஃபுட்பால் கிளப் விவகாரம் உன் காதுக்கும் எட்டியிருக்கும், ஆனால் பத்திரிகைக்காரன் எழுதுவது பாதிதான். நம் சேர்மன் கிராப்ட்ரீ, கிறிஸ்துமஸ் வரைக்கும் தோர்ன்பெக் டவுன்தான் என் உயிர் என்று மார்தட்டிய மனிதர், ஜனவரியில் ராஜினாமா செய்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய் வெயில் காய்கிறார். இரண்டு இயக்குநர்கள் அவர் பின்னாலேயே நழுவிவிட்டார்கள். மிச்சம் இருப்பது இரண்டே பேர். ஒருவன் கிராப்ட்ரீயின் மருமகன், பந்து உருண்டையா சதுரமா என்று கேட்டால் யோசித்துச் சொல்கிற ஆள். இன்னொருவன் ரசிகர் சங்கத்தின் சார்பில் போர்டில் உட்கார்ந்திருக்கும் உன் அண்ணன் நீல். இதற்கு நடுவில் நகராட்சி ஆட்கள் வந்து மர ஸ்டாண்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த சீசனில் ஒரு ஆளைக் கூட இதில் உட்கார விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் லீகில் இடம் இல்லை. இந்த நேரம் பார்த்து ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி வந்தது. மில் லேன் மைதானத்தைக் கொடுத்தால் நெடுஞ்சாலை ஓரம் ஹாலோ பண்ணை நிலத்தில் புது ஸ்டேடியம் கட்டித் தருகிறார்களாம். ஆனால் ரசிகர் சங்கம் சம்மதிக்காமல் மைதானத்தை யாரும் விற்க முடியாது. கிளப் மூழ்க இருந்த அந்த வருஷம், உன் அம்மா கையில் வாளியோடு மார்க்கெட் வாசலில் நின்று வசூல் செய்தாளே, அப்போது நாம் அடித்துப் பிடித்து வாங்கிய உரிமை அது. நீல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, போய்விடலாம், வேறு வழியில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து ஊர் இரண்டாகிவிட்டது.

உன் அண்ணன் பட்ட பாட்டை உன்னிடம் அவன் சொல்லியிருக்க மாட்டான். குழாய் ரிப்பேருக்கு அவனைக் கூப்பிட்டவர்கள் எல்லாம் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவனுடைய வேனின் பக்கவாட்டில் யாரோ சிவப்புப் பெயிண்டால் துரோகி என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவன் பெண்டாட்டி கேரன் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை, இந்த ஊரே வேண்டாம் என்று அழுதாள். வேறு எவனோ எழுதியதை விடு, நானே என்ன சொன்னேன் தெரியுமா. அவன் என் சமையலறையில் நின்று விளக்க வந்தபோது, "கோலுக்குப் பின்னாடி உங்கம்மா இருக்காடா. அவ மேல காய்கறி அலமாரி வைக்கப் போறியா?" என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, அந்த ஸ்டாண்ட் ஒரு நாள் ஜனத்தோட இடிஞ்சு விழுந்தா யாரு பதில் சொல்றது? நீங்களா, போகக்கூடாதுன்னு கத்தற அந்த பிரெண்டாவா?" என்றான். நான் கதவைக் காட்டினேன், அவனும் போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை, ஒரே ஆளுக்கு உருளைக்கிழங்கு எத்தனை உரிப்பது என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

பிரெண்டாவை உனக்கு நினைவிருக்கும், அம்மாவோடு வெளியூர் மேட்சுக்கெல்லாம் பஸ் ஏறுவாளே, சைரன் மாதிரிக் குரல். போகக்கூடாது என்ற கட்சிக்கு அவள்தான் தலைவி. அவள் என்னை விடவில்லை. அம்மாவின் படத்தைப் பெரிதாக அச்சடித்து, நம் டொரீனை விட்டுவிட்டா போகிறீர்கள் என்று கீழே போட்டு, பேக்கரியிலும் சலூனிலும் ஒட்டிவிட்டாள். என்னைக் கேட்கவே இல்லை. ரொட்டி வாங்கப் போனால் உன் அம்மா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்க்கிறாள், கழுத்தில் டவுன் மஃப்ளரோடு, அந்தப் பல் தெரிகிற சிரிப்போடு. "கூட்டத்துல நீ பேச வேண்டாம் வில்ஃப், சும்மா எங்க பக்கம் வந்து நில்லு, அது போதும்" என்றாள். எனக்குக் கோபமும் வந்தது, அதே சமயம் அவள் சொல்வது சரிதானே என்றும் பட்டது. நீல் சொல்வதும் சரி என்று பட்டது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் பெண்டாட்டி, நடுவில் முட்டிவலிக்காரன்.

போன சனிக்கிழமை மத்தியானம் மைதானத்திலேயே கூட்டம். நம் சங்கத்தில் சீட்டுப் போட்டு ஓட்டெடுக்கிற பழக்கம் கிடையாது, ஒரு முறை பெட்டியில் யாரோ விளையாடிவிட்டார்கள் என்று சண்டை வந்ததிலிருந்து, எதுவானாலும் ஆட்கள் நடந்துபோய் நின்று காட்ட வேண்டும். ஆம் என்றால் கால்வாய் முனை, இல்லை என்றால் தேவாலய முனை, வாசலில் நிற்பவர்கள் தலையை எண்ணுவார்கள். நான் உள்ளே போனதும் வழக்கம்போல கால்வாய் முனைக்குப் போய் கோலுக்குப் பின்னால், அம்மா இருக்கிற இடத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அம்மா போனதிலிருந்து நான் வேறெங்கும் நிற்பதில்லை. அது ஆம் முனை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தேவாலய முனையிலிருந்து ஒரு ஊளை கிளம்பியது. "வில்ஃப், நீயுமா?" என்று பிரெண்டாவின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. நீல் கொஞ்ச தூரத்தில் தனியாக நின்றான், ஆம் என்பவர்கள் கூட அவன் பக்கத்தில் நிற்கக் கூசினார்கள். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஐயோ, இவன் தப்பாக நினைக்கிறானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சங்கத் தலைவர் கிளிஃபர்ட் ஒலிபெருக்கியில் இரண்டு பக்கத்தையும் பேசவிட்டார். கிராப்ட்ரீயின் மருமகன் வாயைத் திறந்ததும் யாரோ தின்றுகொண்டிருந்த இறைச்சிப் பணியாரம், மீட் பை, பறந்து வந்து அவன் கோட்டில் விழுந்தது. வேலி ஓரத்தில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்கள் கூடப்பிறந்தவர்கள். கை மீறுகிறது என்று பயந்துபோய் கிளிஃபர்ட், எண்ணுவதற்கு முன்னால் கால்மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அறிவித்தார்.

அதற்கப்புறம் நடந்ததை வேறு எந்த ஊரிலும் சொன்னால் நம்ப மாட்டார்கள். மில் லேனில் இடைவேளை என்றால் நம் ஜனம் என்ன செய்யும்? நம் பையன்கள் இரண்டாம் பாதியில் எந்தக் கோலைத் தாக்கப் போகிறார்களோ அந்த முனைக்கு, கையில் டீக் கோப்பையோடு, மொத்தக் கூட்டமும் நடந்து போகும். அப்பன் காலத்திலிருந்து கால் பழகிய பழக்கம். அன்றைக்கும் டீயை வாங்கிய கையோடு, இங்கே நின்றவர்கள் அங்கே, அங்கே நின்றவர்கள் இங்கே என்று அத்தனை பேரும் முனை மாறிவிட்டார்கள்! ஸ்டாண்ட் பக்கம் நகராட்சி நாடா கட்டி அடைத்திருப்பதால் இருக்கிற ஒரே சந்தில் இரண்டு கட்சியும் எதிரும் புதிருமாக இடித்துக்கொண்டு நடந்தது. "பாத்து, டீ கொட்டுது", "உங்கம்மாவுக்கு இடுப்பு எப்படி இருக்கு?", "ஆபரேஷன் பண்ணியாச்சு, நடக்கறாங்க" என்று பேசிக்கொண்டே போனார்கள். வாரக்கணக்கில் முகம் கொடுக்காதவர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை என்ன செய்கிறோம் என்று. நான் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றேன். பார்த்தால் என்னைச் சுற்றி இல்லை என்கிற கட்சி. பிரெண்டா என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "வந்து சேந்துட்டியே, எனக்குத் தெரியும்" என்றாள். நானா வந்தேன்? அதற்குள் வாசலில் நின்றவர்கள் எண்ணி முடித்து, கிளிஃபர்ட் படிக்க ஆரம்பித்தார். ஆம் என்பது தோற்றுவிட்டது என்றார். என்னைச் சுற்றி நின்றவர்கள் துள்ளிக் குதித்தார்கள், எதிர்முனையில் நீல் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினான், "கிளிஃப், அவங்க ஆம் முனையில நிக்கறாங்க! எல்லாரும் மாறிட்டோம்!" என்று. அப்புறம் கிளம்பிய கூச்சலைக் கேட்டுக் கால்வாயில் இருந்த வாத்தெல்லாம் பறந்துவிட்டன.

மோசடி என்றார்கள், வேண்டுமென்றே செய்தது என்றார்கள். கிளிஃபர்ட் தொண்டை கிழியக் கத்தி, எல்லோரும் சரியான முனைக்குப் போய்ச் சேருங்கள், மறுபடி எண்ணுகிறேன், இந்தத் தடவை டீ கிடையாது என்றார். ஜனம் நகர ஆரம்பித்தது. பிரெண்டா என் கையைப் பிடித்து, "வா வில்ஃப், மெதுவா நடக்கலாம்" என்றாள். நான் கீழே புல்லைப் பார்த்தேன். உனக்கு நினைவிருக்கிறதா, முன்பெல்லாம் இடைவேளையில் முனை மாற நான்தான் முரண்டு பிடிப்பேன், கால் வலிக்கிறது, இங்கேயே நிற்போம் என்பேன். உன் அம்மா என் மஃப்ளரைப் பிடித்து இழுப்பாள். "நம்ம பசங்க எங்க கோல் போடப் போறாங்களோ அங்கதான் நான் நிப்பேன். நின்ன எடத்துலயே நிக்க நான் என்ன கோல் கம்பமா?" என்பாள். வாழ்நாளில் ஒரு மேட்சில் கூட அவள் இரண்டு பாதியும் ஒரே முனையில் நின்றதில்லை. அவளைக் கொண்டுபோய் ஒரு முனையில் புதைத்துவிட்டு, பக்கத்தில் நானும் கம்பத்தைப் போல நின்றுகொண்டிருக்கிறேன். கையை விடுவித்துக்கொண்டு, "நான் எங்கயும் வரல பிரெண்டா. இங்கயே நிக்கறேன்" என்றேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "டொரீன் மேல கார் நிறுத்துவாங்க, நீ வேடிக்கை பாரு" என்றாள். அவள் அழுதுகொண்டே நடந்து போனாள். நாற்பது வருஷச் சிநேகிதி, கில், அவள் சொன்னது பொய்யும் இல்லை.

ஆம் ஜெயித்தது, கொஞ்சம் வித்தியாசத்தில்தான். யாரும் கைதட்டவில்லை, ஜெயித்தவர்களே தலையைக் குனிந்துகொண்டு கலைந்தார்கள். நீல் வந்து என் பக்கத்தில் கம்பியில் சாய்ந்து நின்றான். அப்புறம், "அப்பா, நீங்க தெரிஞ்சுதான் நின்னீங்களா, இல்ல எப்பவும் போல நின்னுட்டீங்களா?" என்று கேட்டான். கேட்கும்போதே பயந்தான், அந்தப் பெரிய உடம்புக்காரன். "மொதல்ல தெரியாமத்தான்டா நின்னேன். ரெண்டாவது தடவ தெரிஞ்சுதான்" என்றேன். அவன் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுவிட்டான். வேனில் கொண்டுவிடுகிறேன் என்றான், வீட்டுக்கு நடந்தே போகிறேன் என்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். சொல்லவில்லை. துரோகி என்று எழுதிய அந்தப் பக்கக் கதவைத் திறந்து வேனில் ஏறி, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, மார்க்கெட் தெரு வழியாகவே போகச் சொன்னேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இன்றைக்கு ஞாயிறு, அவனும் கேரனும் சாப்பிட வந்தார்கள், உருளைக்கிழங்கு பத்தவில்லை.

இனி டப்பா விஷயத்துக்கு வருகிறேன். அம்மா இருக்கிற மண்ணை மட்டும் வெட்டி எடுத்துப் போகலாமா என்று மைதானம் பராமரிப்பவரிடம் நீல் கேட்டான். வடிகால் பதிக்க அந்த முனையை இரண்டு முறை தோண்டிக் கிளறிப் புதுப் புல் போட்டாயிற்றாம், எது எங்கே போனது என்று சொல்ல முடியாதாம். ஆக இத்தனை நாள் நான் யார் பக்கத்தில் நின்றேனோ தெரியாது. அம்மாவில் நம்மிடம் நிச்சயமாக இருப்பது உன் சமையலறை ஜன்னலில் இருக்கும் அந்த ஒரு பிடிதான். அதனால் கடலில் போடாதே, கண்ணு. புது ஸ்டேடியத்தில் முதல் மேட்சுக்கு நீ வந்தாக வேண்டும். விமான டிக்கெட்டுக்கு நீலும் நானும் ஏதாவது செய்கிறோம். டப்பாவைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள், விமான நிலையத்தில் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடு, கஸ்டர்ட் என்று சொல்லித் தொலைக்காதே. அங்கே எல்லாம் எண் போட்ட இருக்கையாம், இடைவேளையில் முனை மாற விடமாட்டார்களாம். அதனால் டப்பாவில் இருப்பதை இரண்டாகப் பிரித்து இரண்டு கோலுக்குப் பின்னாலும் வைத்துவிடலாம் என்று நீல் சொல்கிறான். அவளுக்கு அதுதான் சரி.

உனக்கும் கிரேகுக்கும் ஹோலிக்கும் எல்லா நலமும் உண்டாகக் கர்த்தர் துணையிருப்பாராக. குழந்தைக்கு என் முத்தம். தேனை மறக்காதே, டப்பாவின் மூடியை ஒரு முறை இறுக்கிப் பார்.

உன் அன்பு அப்பா,
வில்ஃப்