மூன்று வாசல், மூன்று கதவு, ஒரு இன்ச்

ஜூலை 3, வியாழன்

இந்த வீட்டை எங்களுக்கு விற்றவர் போகும்போது அறைக் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நல்ல மரமாம். சுவரை ஏனோ விட்டுவைத்தார். ஒரு மாதமாக மூன்று அறைகளுக்கும் பழைய போர்வைதான் கதவு. நான் உடுப்பு மாற்ற வேண்டுமென்றால் முதலில் வீட்டுக்கே அறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

இன்று அப்பா கதவு வாங்கி வந்தார். ரெடிமேட். மூன்றும் ஒரே அளவு, முப்பத்திரண்டு இன்ச் அகலம். கடையில் கடைசியாக இருந்த மூன்று என்று ஒரே பெருமை.

"எல்லா வாசலையும் அளந்தீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"நம்ம ரூமை அளந்தேன். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்."

இந்த வீட்டைக் கட்டியவர் ஒவ்வொரு சோற்றையும் தனித்தனிப் பானையில் வடித்திருக்கிறார்.

ஜூலை 5, சனி

அப்பா அளப்பதில் மன்னர். வாயால். இன்று முதல்முறையாக டேப்பால் அளந்தார்.

அப்பா அம்மா அறை வாசல் பொருந்துகிறது. என் அறையில் அகலம் சரி, தரைதான் ஒரு பக்கம் ஏறிக் கிடக்கிறது, கதவின் அடியைச் சாய்வாக வெட்ட வேண்டும். அக்கா அறை வாசல் ஒரு இன்ச் குறுகல், உயரமும் கம்மி. அப்பா தலையில் இடித்துக்கொண்டார். சந்தேகம் தீரவில்லையோ என்னவோ, திரும்பி வரும்போதும் இடித்துக்கொண்டார்.

அந்த டேப்பைப் பற்றி எழுத வேண்டும். முனையில் ஒரு இன்ச் எப்போதோ ஒடிந்துபோனது. அப்பா அதன் கொக்கியைக் கழற்றி, ஒன்று என்று போட்டிருக்கும் இடத்தில் தானே மாட்டிவிட்டார். அன்றிலிருந்து அது எதை அளந்தாலும் ஒரு இன்ச் கூடுதலாகச் சொல்லும். அப்பா ஒன்றைக் கழித்துத் தாளில் எழுதுவார். புது டேப் வாங்கலாமே என்றால், "கழிக்கத் தெரியாதா எனக்கு?" என்பார்.

ஜூலை 6, ஞாயிறு

என் கதவு வந்துவிட்டது! மரக்கடை மெஷினில் அடியைச் சாய்வாக வெட்டி, அப்பாவே கீல் போட்டு மாட்டினார். சாத்தினேன், திறந்தேன், சாத்தினேன். நாற்பதாவது தடவை அம்மா கரண்டியோடு வந்தாள்.

அக்கா கதவுதான் கஷ்டமான வேலை, அதனால் கடைசியில். அக்கா புருஷன் வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஏன் வந்தாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. போர்வைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்கிற சாக்கில் வந்து போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகிறாள். இதில் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, வருகிற ஞாயிறு வந்து ஒரு வாரம் தங்கப் போகிறாராம், நலம் விசாரிக்க. அத்தை விசாரித்தால் போலீஸே கைகட்டி நின்று கற்றுக்கொள்ளும்.

சாப்பிடும்போது அக்கா வாயைத் திறந்தாள். "அத்தை வர்றதுக்குள்ள எனக்கு ஒரு கதவு போட்ருங்கப்பா. வேற எதுவும் வேணாம்."

ஜூலை 9, புதன்

மகா காரியம் ஒன்று செய்தேன். கடையில் அதே மஞ்சள் டேப், அதே கம்பெனி. முனை ஒடியாதது. அதைத் தரையில் தேய்த்து அழுக்காக்கி, அப்பாவின் பெட்டியில் வைத்துவிட்டு, பழையதை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நாளை அப்பா செருப்பு ஸ்டாண்டுக்குப் பலகை அளக்கப் போகிறார். டேப் சரியாகவே சொல்லும். அவர் வழக்கம்போல ஒன்றைக் கழிப்பார். ஒரு இன்ச் குட்டைப் பலகையோடு அவர் முழிக்கும்போது நான் பழைய டேப்பை நீட்டி, "கழிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்க வேண்டும். இப்போதே சிரிப்பு வருகிறது.

ஜூலை 10, வியாழன்

செத்தேன்.

அத்தை காலையில் போன் பண்ணியிருக்காங்க, ஞாயிறு இல்ல, சனிக்கிழமையே வராங்களாம். அப்பா செருப்பு ஸ்டாண்டை விட்டுட்டு அக்கா வாசலை அளந்து, கதவை மரக்கடைக்குக் கொண்டுபோய் வெட்டிட்டு வந்துட்டார். நான் ஸ்கூல்ல இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

வாசல் முப்பத்தொன்று. கதவு முப்பது. இடுக்கில் என் விரல் தாராளமாகப் போய் வருகிறது. தாழ்ப்பாள் எட்டவே இல்லை.

அப்பா அதே டேப்பால் கதவை அளந்தார். முப்பது காட்டியது. ஒன்றைக் கழித்தார். "நான் முப்பதுன்னு எழுதிக் குடுத்தேன், இருபத்தொம்போது வெட்டியிருக்கான். காலையில போய் அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்."

அக்கா போர்வையை எடுத்து மறுபடி மாட்டினாள்.

சொல்லிவிடலாமா? சொல்லிவிடலாம். நாளைக்கு.

ஜூலை 11, வெள்ளி

பள்ளி விடுமுறை. கதவின் ஒரு முனையைத் தூக்க அப்பா என்னையும் மரக்கடைக்கு இழுத்துப் போனார்.

மெஷின்காரர் அப்பாவின் தாளை எடுத்துக் காட்டினார். "முப்பதுன்னு இருக்கு. முப்பது வெட்டினேன்."

"அளந்து பாருய்யா."

அளந்தார். முப்பது. அப்பா தன் டேப்பை வைத்து அளந்து, "முப்பது, ஒன்னு போக இருபத்தொம்போது" என்றார்.

"ஒன்னு எங்க போச்சு?"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அப்பாவின் காது சிவந்துவிட்டது. அவரைப் பார்த்து ஊர் சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. பையிலிருந்து பழைய டேப்பை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"நான்தான்பா மாத்தி வச்சேன். செருப்பு ஸ்டாண்டுக்குன்னு."

அப்பா இரண்டு டேப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடிப்பார் என்று பார்த்தேன். "உங்கக்கா வாயத் திறந்து கேட்டது ஒன்னே ஒன்னு" என்றார். அடித்திருக்கலாம்.

மெஷின்காரர், "மரத்தக் குறைக்கத்தான் மெஷின் இருக்கு, வளக்க இல்ல. வேணும்னா ஓரத்துல மரப்பட்டி ஒட்டலாம். ஒட்டி, காயவச்சு, இழைச்சு, நாலு நாள் ஆகும்" என்றார். அத்தை நாளைக்கு.

என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது. "என் கதவு அகலமா இருக்கு. அதை வெட்டிக்கோங்க."

வீட்டுக்குப் போய் அதைக் கழற்றிக் கொண்டுவந்தோம். ரெடிமேட் கதவுக்கு ஓரத்தில்தான் கட்டை, நடுவில் வெறும் அட்டை, அதனால் மெஷின்காரர் இரண்டு பக்கமும் அரை அரை இன்ச்சாக எடுத்தார். உயரத்தைக் குறைத்ததில் அடியில் இருந்த சாய்வும் போனது. மாலைக்குள் என் கதவு அக்கா வாசலில் ஏறியது. சாத்தியபோது ஒரு 'டொக்'. என் அறையில்கூட அது இப்படிச் சாத்தியதில்லை, துரோகி.

முப்பது இன்ச் கதவு எனக்கு. இரண்டு இன்ச் இடுக்கு. பூனை அனுமதி கேட்காமல் வந்து போகிறது.

ஜூலை 12, சனி

அத்தை வந்தார். பையைக்கூட வைக்காமல் நேரே அக்கா அறைக்குப் போனார். போர்வைதான் தொங்குகிறது என்று கேள்விப்பட்டிருப்பார், அதைத் தூக்க நீண்ட கை கதவில் இடித்தது.

உள்ளேயிருந்து, "யாரு?"

எங்கள் வீட்டில் அத்தையை யாரும் யாரென்று கேட்டதில்லை. "நான்தாம்மா, அத்தை."

"அப்புறம் வரேன் அத்தை."

அத்தை அந்தக் கதவை மேலும் கீழும் பார்த்தார். "சொந்தக்காரங்களுக்குள்ள எதுக்குக் கதவு?" என்றார் அப்பாவிடம். "காத்து வருதுல்ல" என்றார் அப்பா, முகத்தை மாற்றாமல். எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இன்று தெரிந்தது.

ஜூலை 14, திங்கள்

விசாரணை என் பக்கம் திரும்பிவிட்டது. இடுக்கில் அத்தையின் கண். "பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் ஆறு வரை" என்று எழுதி ஒட்டினேன். நாலு மணிக்குச் சரியாக வந்து நிற்கிறார்.

ஜூலை 17, வியாழன்

சாயங்காலம் இடுக்கு வழியாக இரண்டு விரல் உள்ளே வந்து ஆடின. அத்தை விரல் இல்லை, மோதிரம் இல்லை.

"உன் வாசல் ரொம்பத் தாராளம்டி, வாலு."

"யார் புண்ணியம்?"

"உன் புண்ணியந்தான். அப்பா எல்லாம் சொன்னாரு." பிறகு, "நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா. விரல்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயின.

ஜூலை 20, ஞாயிறு

அத்தை கிளம்பினார். கேட்க வந்த ஒன்றையும் கேட்காமல். என்னைப் பற்றி மட்டும் நிறையத் தெரிந்துகொண்டு போகிறார்.

ஜூலை 26, சனி

அப்பா என் கதவுக்குப் பட்டி ஒட்டிவிட்டார். அளந்தது எந்த டேப்பால் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பொருந்துகிறது.

அக்கா கதவு காலையிலிருந்து விரியத் திறந்து கிடக்கிறது. யாரும் திறக்கச் சொல்லவில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். தலைக்குக் குளித்த ஈரத்துண்டை என் கதவின்மேல், மன்னிக்கவும், அவள் கதவின்மேல் காயப்போட்டிருக்கிறாள்.

இரண்டு வாரம் பூனையோடு குடித்தனம் நடத்தினேனே, துண்டு காயப்போடவா?