ராக்கியின் காலில் அட்டை

ஞாயிறு இரவு.

காட்டில் ஓர் இரவு முகாமிட்டு மாலை வீடு திரும்பி, பையை இறக்கி உட்கார்ந்ததும் எங்கள் நாய் ராக்கி மடியில் ஏறினான். அவன் கால் விரலிடுக்கில் ரத்தம் குடித்துப் பருத்த அட்டை. உப்பைத் தூவினேன், விழுந்தது.

"ராக்கி எங்கயாச்சும் வெளிய போனானாங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"எங்க போறான்? ரெண்டு நாளும் வீட்டுலதான் லா. எனக்குத்தான் பாசிர் கூடாங்ல ஷிப்ட் ஆச்சே."

எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க சிமெண்ட் தரை. அட்டை எங்கிருந்து வரும்? அவர் காலில் போடும் சப்பாத்து வேறு கழுவிக் காய்கிறது. இவர் சப்பாத்து கழுவி நான் பார்த்ததே இல்லை.

நேற்று நான் காட்டுக்குப் புறப்படும்போது, "தனியாத்தானே போற?" என்று இரண்டு முறை கேட்டார்.

நேற்றிரவு கூடாரத்தில் படுத்திருந்தபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. ஒரே குரைப்பு. அதுவும் பாதியில் நின்றது, யாரோ வாயைப் பொத்தியதுபோல.