பலராமன் இடுப்புக் கயிறு

வல்லக்கோட்டை
8.3.2025

சேகருக்கு ஆயா எழுதறது.

நான் நல்லாத்தான் கீறேன். உங்க ஆஸ்திரேலியாவுல தோட்டம் தொரவெல்லாம் வெள்ளத்துல கெடக்குதுன்னு சுபஸ்ரீ போன்ல காட்டினா. நம்ம மாடி ரூம்ல குடியிருக்கற பொண்ணு, ஒரகடத்து பேக்டரிக்கு ஷிப்ட் போறவ. நான் எழுதறதை அவதான் போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பறா. பேசுங்கன்னு போனை நீட்டினா. மாட்டேன்னுட்டேன். உன் தாய்மாமன், என் புள்ள பலராமன், அந்த டிசம்பர் வெள்ளத்துல போனான். அவனுக்குப் பதினாறாம் நாள் படையல் போடறப்போ நீ பாஸ்போர்ட் ஆபீஸ்ல நின்னுக்கினு இருந்தே. ஒன்பது வருசமாச்சு, அது என் வயித்துல அப்படியே கீது. பேச மாட்டேன். உசுரோட கீறியான்னு மட்டும் எழுதிப் போடு.

அருள்பாண்டி எப்படி கீறான்? அதே மாடி ரூம்ல இருந்துக்கினு ஆச்சி ஆச்சின்னு என் கொழம்பைத் தின்ன திருநெல்வேலிப் புள்ள. அவனை நீ எதுக்கு அவ்ளோ தூரம் கூட்டிக்கினு போனேன்னு இன்னும் எனக்கு வெளங்கல.

ஆயா சரோஜா

*

9.3.2025

அன்புள்ள ஆயாவுக்கு,

நீ எழுதினதே போதும். தோட்டத்து ஷெட்டோட மேல்தட்டுல நானும் அருளும் மாட்டிக்கினு இருக்கோம். முதலாளி குடும்பம் முன்னாடியே டவுனுக்குப் போயிட்டாங்க. சுத்தியும் பழுப்புத் தண்ணி. ஆரஞ்சு மரத்து உச்சி மட்டும் தெரியுது. செத்த ஆடு ரெண்டு வந்து தகரத்துல மோதிக்கினே இருக்குது. போட் நாளான்னிக்குத்தான் வருமாம்.

அருளுக்கு மூணு நாளா காய்ச்சல். ஊருக்குத் திரும்பணும், ஆச்சி கால்ல விழுந்து ஒண்ணு சொல்லணும்னு பொலம்பறான். உளறல்தான், மனசுல வெச்சுக்காதே. குடிதண்ணி தீரப்போவுது. எதிர் கொட்டாயில கேன் இருக்குது. நாளைக் காலையில அவன் இடுப்புல கயிறு கட்டி அனுப்பப் போறேன். எனக்கு நீச்சல் மறந்தே போச்சு. மாமாவுக்கு ஆன மாதிரி முடிச்சு நழுவிடக் கூடாதேன்னுதான் பயம். சாமியை வேண்டிக்கோ.

உன் பேரன்
ராஜசேகர்

*

வல்லக்கோட்டை
9.3.2025

சேகரு,

சாமி இருக்கட்டும். உனக்கா நீச்சல் மறந்துச்சு? ஏழாவது பரீட்சைக்குப் போகாம ஏரியில நீந்தினதுக்கு புளியம்விளாரால உன் முதுகுத் தோலை உரிச்சது இந்தக் கைதான். காய்ச்சல்காரனை ஏன் எறக்கறே? போட்தான் வருதே. மழைத்தண்ணியைப் புடிச்சுக் குடிங்களேன். நடக்கறதுக்கு முன்னாடியே ஒப்பாரிக்கு ஆள் தேடறே.

அன்னிக்கும் இதேதான். மாட்டை அவுத்துவிட பலராமன் தண்ணியில எறங்கினான். இடுப்புக் கயித்தோட மறுமுனை உன் கையில. முடிச்சு நழுவிடுச்சுன்னு வந்து அழுதே. நாப்பது வருசம் மாடு கட்டினவகிட்ட அதைச் சொன்னே பாரு. நம்ம வூட்டு முடிச்சு இழுக்க இழுக்க எறுகும்.

பொணத்தை எடுக்கறதுக்கு முன்னாடி அரைஞாண் கயித்தை அறுப்பாங்க இல்ல? பொணத்தைக் குளிப்பாட்ட வந்த சுப்பன் அதை அறுக்கறப்போ இடுப்புல இருந்த பச்சை நைலான் கயித்தையும் கழட்டினான். நான் மடியில கட்டிக்கினேன். முடிச்சு அப்படியே இருந்துச்சு. நுனியில அறுவா பட்ட ஒரே வெட்டு.

கம்பெனிக்கு நெலத்தைத் தர மாட்டேன்னு நின்னவன் அவன். அவன் போன மூணாம் மாசம் என் கையைப் புடிச்சுக் கையெழுத்து வாங்கினவன் நீ. அப்பவே ஏன் சொல்லல? செத்துப்போன என் பொண்ணு பெத்த ஒரே புள்ள நீ. உன்னையும் விட்டா இந்த வூட்ல ஆரு? அதுல மாட்டிக்கினுதான் இத்தினி வருசமா கெடக்கறேன். மாடியில இருந்து அருள்பாண்டி பார்த்திருப்பான்னு இன்னிக்குத்தான் எனக்கு ஒறைக்குது.

கயிறு அரிசி டிரம்முல கீது. ரெண்டு பேரும் உசுரோட கரையேறினா அதை அடுப்புல போட்டுடறேன், முருகன் மேல சத்தியம். ஒருத்தன் மட்டும் ஏறினா அது ஸ்டேஷனுக்குப் போவும்.

அருள்பாண்டிகிட்ட இதை மறைக்கலாம்னு பார்க்காதே. அவன் போனுக்குத்தான் மொதல்ல அனுப்பச் சொன்னேன்.

ஆயா

*

12.3.2025

ஆயா,

ரெண்டு பேரும் கரையேறிட்டோம். ஒரு ஸ்கூல்ல தங்க வெச்சிருக்காங்க. போட் வர்ற வரைக்கும் அவன் ஒரு மூலை, நான் ஒரு மூலை. கயிறு அவன் மடியில. ரெண்டு பேரும் கண்ணை மூடல. மழைத்தண்ணியைக்கூட அவன் தனி டப்பாவுல புடிச்சான்.

மாமா விஷயம் நீ நெனைக்கிற மாதிரி இல்ல. நேர்ல சொல்றேன். நீ சத்தியத்தைக் காப்பாத்து.

சேகர்

*

வல்லக்கோட்டை
14.3.2025

சேகருக்கு,

சத்தியம் சத்தியம்தான். கயித்தை அடுப்புல போட்டேன். உருகி, அடுப்புக் கல்லுல பச்சையா ஒட்டிக்கினு கீது. சொரண்டினாலும் போவல. அதுலதான் சோறாக்கறேன்.

அருள்பாண்டி நேத்து போன் பண்ணான். உன்கூட பேசாத நான் அவன்கூட பேசினேன். மாடியில நின்னது, உன் கையில அறுவாளைப் பார்த்தது, பயந்துக்கினு நீ கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் வந்தது, ஒண்ணு விடாம சொன்னான். "ஆச்சி, நான் அங்கன வந்து ஸ்டேஷன்ல சொல்லட்டுமா? அவன் உங்க பேரன்லா"ன்னு கேட்டான்.

சொல்லுய்யான்னேன். கயித்தை எரிக்கறேன்னுதான் சத்தியம் பண்ணேன். அவன் வாயைக் கட்டறேன்னு பண்ணல.

அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றான். மீன் கொழம்பு கேட்டிருக்கான். நீயும் வா. உனக்கும் சேர்த்து ஒல வெக்கறேன். மொதல்ல ஸ்டேஷன், அப்புறம் சோறு.

பலராமனைப் பெத்தவ,
சரோஜா