கல்லில் வெட்டச் சொன்ன டியர்லி

என் சேலையெல்லாம் கல்தூள். எத்தனை உதறியும் ஈரக் கல்லின் வாசனை போகவில்லை. உங்கள் கல்லறைக்கல்லை வெட்டும் சீனருடைய கொட்டகையில்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அண்ணன் அவரிடம் கொடுத்த தாளில் உங்கள் பெயர், அப்பா பெயர், ரயில்வே உத்தியோகம் எல்லாம் இருந்தன. நான் இல்லை. டெங்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவளுக்கு, ஆபீஸில் பேனா பிடிக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் கிராணி குடும்பத்துக் கல்லில் என்ன வேலை? நான் வேறு தாள் கொடுத்தேன். மனைவி என்று என் பெயர், நான் உங்களை டியர்லி நேசித்தேன் என்று ஒரு வரி.

நம் கல்யாணத்தில் வெள்ளைக்காரப் பாதிரியார் எடுத்த எடுப்பில் 'டியர்லி பிலவ்ட்' என்று சொன்ன சொல் அது. வெளியே வந்ததும் அர்த்தம் கேட்டேன்.

"உயிருக்குயிரா நாங்க நேசிக்கிறவங்களேன்னு கூப்பிடுறாரு."

உங்கள் வீட்டார் ஒருவரும் வரவில்லை. வெறும் பெஞ்சுகள்தான். "யாரக் கூப்பிட்டாராம்?" என்றேன். உங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் வாசலில் நின்று, "இதுக்கு நல்லா அனுபவிப்படா" என்று கத்திவிட்டுப் போனார். நீங்கள் நிதானமாகக் கதவைச் சாத்தினீர்கள். "இங்கிலீஷ்ல இதுக்கும் டியர்லிதான். ஆசை வச்சாலும் அதே சொல்லு, அதுக்காக விலை குடுத்துப் பட்டாலும் அதே சொல்லு."

பட்டோம். உங்கள் அம்மா செத்தபோதுகூட நம்மை வீட்டுக்குள் விடவில்லை. அன்றைக்கும் என் கையை நீங்கள் விடவில்லை.

இன்று மத்தியானம் அண்ணன் கொட்டகைக்கே வந்துவிட்டார். "பொம்பள பேரும் கொஞ்சலும் கல்லுல எதுக்கு? நாலு பேரு பாத்தா சிரிப்பாங்க. அந்த வரிய அழி."

"நாலு பேரு பாக்கணும்னுதானே மாமா கல்லுல வெட்டுறது? அழிக்கணும்னா என்னையும் அவர் பக்கத்துல பொதைச்சிட்டு அழிங்க."

தமிழ் தெரியாத சீனர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெட்டு, தவுக்கே" என்று அந்தக் கடை முதலாளியிடம் மலாயில் சொன்னேன். உளி மறுபடி விழுந்தது. அண்ணன் போய்விட்டார்.

ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தோட்டத்துக்கே திரும்பிப் போய்விடுவேன் என்று எல்லோருக்கும் எதிர்பார்ப்பு. போகமாட்டேன். இங்கேதான் எங்காவது அறை பிடித்து, நாலு வீட்டில் துணி துவைத்தாவது பிழைப்பேன்.

ஒன்று மட்டும் யோசித்தேன். நான் போய்ச் சேரும்போது எனக்காக அந்தச் சொல்லைக் கேட்டு வாங்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் உங்கள் வரிக்குக் கீழே என் வரியையும் இன்றே வெட்டச் சொல்லிவிட்டேன். என் பெயர், நீங்கள் என்னை டியர்லி நேசித்தீர்கள் என்பது, எல்லாம் கல்லில் ஏறியாயிற்று. தேதி ஒன்றுதான் பாக்கி.